அஞ்சு பேருக்கு அஞ்சாயிரத்துக்குள் ஜப்பான் சாப்பாடு: சென்னையில் முடியுமா?

தடா பையன் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தடா, வேலை ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில். எங்கள் கூட்டத்தில் அஞ்சு பேர். எல்லாரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். எங்களில் ஒருத்தன் அடுத்த மாசம் ஒரு வருஷப் பயிற்சிக்கு ஜப்பான் கிளம்புகிறான். வழக்கமாக யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் சூளூர்பேட்டையில் பிரியாணியோடு முடித்துவிடுவோம். இந்தத் தடவை அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போய் நல்ல ஜப்பான் ஓட்டலில் உட்கார வைத்துச் சாப்பிட வைக்கவேண்டும் என்று ஆசை. அவனும் அந்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் பழகிக்கொண்டு போகட்டுமே.

தலைக்கு ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் எங்களால் முடியாது. ஆனால் இடம் பார்க்க அழகாக இருக்கவேண்டும். நாலு போட்டோ எடுத்தால் அவன் அம்மா பார்த்துச் சந்தோஷப்படுகிற மாதிரி.

எங்கள் சிக்கல் இதுதான். ஒருத்தன் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடமாட்டான். ஒருத்தன் முஸ்லிம், பன்றியும் மதுவும் எந்த வடிவத்திலும் கூடாது. ஒருத்தன் நாயுடுபேட்டைக்காரன், காரம் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை என்பான். எனக்கும் ஊருக்குப் போகிறவனுக்கும் எதுவும் ஓகே, பச்சை மீன் மட்டும் பயம். நாங்கள் யாரும் இதுவரை ஜப்பான் ஓட்டல் வாசல்படி ஏறியதில்லை. மெனுவை நெட்டில் பார்த்தால் பாதி புரியவில்லை, விலையைப் பார்த்தால் மீதியும் பார்க்கத் தோன்றவில்லை.

எதை ஆர்டர் செய்வது, எப்போது போவது, அஞ்சாயிரத்துக்குள் நிஜமாகவே முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

ஆரம்பாக்கம் அக்கா பதில்:

தம்பி, உங்கள் நண்பருக்கு முதலில் என் வாழ்த்து. நான் உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்கிற நிலையத்தில் ஜப்பான் மொழி படித்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வேலை விஷயமாக ஹிரோஷிமாவில் சில மாசம் தங்கியிருக்கிறேன். ஜப்பான்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் தெரிந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

அஞ்சாயிரத்துக்குள் முடியும். ஆனால் ராத்திரி போகாதீர்கள், மதியம் போங்கள். என் பதிலில் வேறு எதையும் பிடித்துக்கொள்ளாவிட்டாலும் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஆபீஸ் போகிற ஜனங்கள் மதியம் சாப்பிடுவது ஒரு தட்டுச் சாப்பாடு. சோறு, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்கிற மிசோ சூப், கொஞ்சம் ஊறுகாய், நடுவில் ஒரு முக்கியமான அயிட்டம்: பொரித்த கோழியோ, வாட்டிய மீனோ. எல்லாம் ஒரே தட்டத்தில் தனித்தனிக் கிண்ணத்தில் வரும். நம்மூர் அளவுச் சாப்பாடு மாதிரிதான் கணக்கு. மெனுவில் லஞ்ச் செட் என்றோ தெய்ஷோகு என்றோ போட்டிருப்பார்கள். அதே கோழியை ராத்திரி தனியாக வாங்கி, சோற்றைத் தனியாக, சூப்பைத் தனியாக வாங்கினால் பில் எங்கேயோ போய்விடும்.

நான் போகிற இடத்தில் மதிய செட் ஏறக்குறைய 700 ரூபாய். அஞ்சு பேருக்கு 3,500. நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ள 400 ரூபாய்க்கு மூணு தட்டு என்றால் 1,200. ஆக 4,700. தனி ரெஸ்டாரண்ட் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 235. மொத்தம் 4,935. இதே சாப்பாட்டை அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற பெரிய ஓட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் சாப்பிட்டால் வரி 18 சதவீதம். 846 ரூபாய் வரிக்கே போகும், பட்ஜெட் உடைந்துவிடும். அதனால் நட்சத்திர ஓட்டல் பக்கமே போகாதீர்கள். சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைக் கட்டாயமாக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் காசு.

அடுத்து, அழகு. ஜப்பான் ஓட்டல் என்றால் காசைக் கொட்டினால்தான் அழகு என்று நினைக்கவேண்டாம். அந்த ஊரில் மலிவான கடையே அழகாகத்தான் இருக்கும். வாசலில் கடைப் பெயர் எழுதின துணித் திரை தொங்கும், குனிந்து உள்ளே போகவேண்டும். கண்ணாடிப் பெட்டியில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அச்சு அசலாகப் பிளாஸ்டிக்கில் மாதிரி செய்து, பக்கத்தில் விலை எழுதி வைத்திருப்பார்கள். உள்ளே போகும் முன்னாலேயே என்ன வரும், எவ்வளவு ஆகும் என்று தெரிந்துவிடும். சுஷி என்பது வினிகர் கலந்த சோற்றோடு மீனோ காயோ வைத்தது. சுழலும் பட்டையில் சுஷித் தட்டு நகர்ந்து வருகிற கடையை 1958-இல் ஒசாகாவில் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் ஆரம்பித்தார். பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பட்டையில் போவதைப் பார்த்து வந்த யோசனை அது. அதுவரை கையில் காசு இருந்தவர்கள் சாப்பிட்ட சுஷியைச் சாதாரணக் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு போய்ச் சாப்பிட முடிந்தது அப்படித்தான். தட்டின் நிறத்தை வைத்து விலை. கடைசியில் காலித் தட்டை எண்ணிக் காசு கட்டுவார்கள். நாலு சிநேகிதர்கள் பயமில்லாமல் போய் உட்காரலாம் என்பதுதான் எனக்கு அந்தக் கடைகளில் பிடித்தது.

சென்னையில் இடம் தேடும்போது நான் பார்ப்பது ஒரே விஷயம்: மதியம் ஜப்பான்காரர்கள் தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களா? ஒரகடம் பக்கமும் நம் ஸ்ரீசிட்டி பக்கமும் வேலைக்கு வந்திருப்பவர்கள் லீவு நாளில் போகிற கடைகள் இருக்கின்றன. பெரும்பாலும் மாடியிலோ, ஏதாவது காம்ப்ளெக்ஸ் உள்ளேயோ, சின்ன போர்டோடு. உள்ளே மர மேசை, காகித விளக்கு, சமையல்காரர் எதிரே உட்காருகிற நீளமான கவுண்ட்டர். கூகுள் விமர்சனத்தில் ஜப்பான் எழுத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நாலைந்து இருந்தாலே போதும், நம்பிப் போகலாம். அப்புறம் போன் செய்து மதிய செட் சனிக்கிழமை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். சில இடங்களில் திங்கள் முதல் வெள்ளி வரைதான். மதியம் மூணு மணிக்குச் சமையலறையை மூடிவிட்டு ராத்திரிதான் திறப்பார்கள், அதனால் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

பகிர்ந்துகொள்ள முதலில் கோழி கியோஸா வாங்குங்கள். கொழுக்கட்டை வடிவத்தில் இருக்கும், மேல்மாவு மட்டும் கோதுமை. அதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். எண்ணெய் தடவின கல்லில் வரிசையாக நெருக்கி அடுக்கி, அடிப்பக்கம் சிவக்கிற வரைக்கும் தொடவே மாட்டார்கள். பிறகு ஒரு கை தண்ணீரை ஊற்றி உடனே மூடிவிடுவார்கள். ஆவியில் மேல்பக்கம் பளபளவென்று வெந்துவிடும். தண்ணீர் வற்றும்போது அடியில் மெல்லிய வலை மாதிரி மொறுமொறுப்பு படியும். அப்படியே தட்டில் கவிழ்த்தால் சிவந்த பக்கம் மேலே வரும். ஆறவிடாமல் சாப்பிட்டுவிட வேண்டும். சோயா, வினிகர், மிளகாய் எண்ணெய் மூன்றையும் அவரவர் கிண்ணத்தில் கலந்துகொள்ளலாம். ஜப்பானில் கியோஸாவுக்குள் பெரும்பாலும் பன்றிதான் வைப்பார்கள். அதனால் கோழி என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

செட்டில் உங்களுக்கும் ஊருக்குப் போகிறவருக்கும் என் சிபாரிசு கோழிக் கட்ஸு. மொறுமொறுப்பான ரொட்டித் தூளில் பிரட்டிப் பொரித்து, விரல் அகலத்துக்கு வெட்டி, பூப்போலச் சீவின முட்டைக்கோஸோடு வரும். சில கடைகளில் உட்புறம் கோடு கோடாக இருக்கிற சின்ன மண் கிண்ணத்தில் வறுத்த எள்ளைப் போட்டு, ஒரு மரக்கட்டையையும் கையில் கொடுப்பார்கள். நாமே அரைத்து, அதன்மேல் சாஸை ஊற்றித் தொட்டுக்கொள்ளவேண்டும். எள் நசுங்கும்போது வருகிற வாசனைக்கே பசி எடுக்கும். கட்ஸு கறியும் நல்லது. கறி ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போனது. கொஞ்சம் இனிப்பாக, கெட்டியாக இருக்கும். இந்திய முறைக் கறியை 1927-இல் டோக்கியோ ஷின்ஜுகுவில் நாகமுராயா கடையில் அறிமுகப்படுத்தியவர் நம் விடுதலைப் போராட்ட வீரர் ராஷ் பிஹாரி போஸ். தலைமறைவாக இருந்த அவருக்கு அடைக்கலம் கொடுத்தது அந்தக் கடைக் குடும்பம்தான். பின்னால் அவர்கள் வீட்டு மாப்பிள்ளையும் ஆனார். அந்தக் கடை இன்றும் இருக்கிறது. உங்கள் நண்பர் டோக்கியோ பக்கம் போனால் ஒரு நாள் அங்கே சாப்பிடட்டும்.

ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம் என்பேன். அது பகிர்கிற சாப்பாடு இல்லை. வந்த சூட்டோடு தலையைக் குனிந்து உறிஞ்சிச் சாப்பிட்டால்தான் ருசி. போட்டோ எடுத்துப் பேசிக்கொண்டிருந்தால் நூடுல்ஸ் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். தவிர, பல கடைகளில் குழம்பே பன்றி எலும்பில் கொதித்தது.

முஸ்லிம் நண்பருக்கு: பன்றியை மட்டும் தவிர்த்தால் போதாது. தெரியாக்கி போன்ற சாஸ்களில் மிரின், சாக்கே என்று அரிசி மது சேரும். அவருக்கு உப்பு மட்டும் தடவி வாட்டின மீன் செட் சொல்லுங்கள். சால்மனோ, அயிலை வகையைச் சேர்ந்த சபாவோ இருக்கும், எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம். எங்கள் ஆபீஸில் ஒரு பையனுக்கு இதைத்தான் எப்போதும் வாங்கித் தருவோம். இறைச்சி ஹலாலா என்ற கேள்வியைப் போனிலேயே கேட்டுவிடுங்கள், மேசையில் உட்கார்ந்த பிறகு அவர் சங்கடப்படக்கூடாது.

நாயுடுபேட்டைக்காரருக்கு: மேசையில் ஷிச்சிமி என்று ஏழு பொருள் சேர்ந்த மிளகாய்ப் பொடி இருக்கும், இல்லாவிட்டால் கேட்டால் தருவார்கள். மிளகாய் எண்ணெயும் இருக்கும். வசாபி என்கிற பச்சை நிற விழுதை மட்டும் பச்சடி மாதிரி அள்ளவேண்டாம். அந்தக் காரம் நாக்கில் நிற்காது, நேராக மூக்குக்கு ஏறும்.

சைவ நண்பர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. இங்கே சூளூர்பேட்டை சார் ஒருத்தர் இருக்கிறார், என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

சூளூர்பேட்டை சார் பதில்:

அக்கா கூப்பிட்டதால் வந்தேன். நானும் சுத்த சைவம். மகனும் மருமகளும் சென்னையில் இருக்கிறார்கள், அவர்கள் கூட்டிப்போய்ப் பழக்கினது.

தம்பி, மெனுவில் காய்கறி என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஜப்பான் சமையலில் எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்கிற ஒரு சாறு. கொம்பு என்கிற கடற்பாசியும், காயவைத்துச் சீவின சூரை மீனும் போட்டு எடுப்பது. மிசோ சூப்பில் அது இருக்கும். நம்ம பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்துப் பொரிக்கிற டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற சாற்றில் இருக்கும். டோஃபு என்கிற சோயா பனீரைப் பொரித்து, சுற்றி ஊற்றுகிற குழம்பிலும் இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. சில தட்டுகளில் அந்த மீன் சீவலையே மேலே தூவி விடுவார்கள். தச்சன் இழைப்புளியில் வருகிற சுருள் மாதிரி இருக்கும், சூட்டில் நெளியும். பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்குப் பயந்து அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு நாள் முன்னால் போன் செய்து, மீன் சாறு வேண்டாம், கடற்பாசியும் ஷிடாக்கே காளானும் போட்டு எடுத்த சாறு இருந்தால் சூப் கொடுங்கள், இல்லாவிட்டால் சூப்பே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நல்ல சமையல்காரருக்கு இது புதிதில்லை. ஜப்பானில் பௌத்த மடங்களில் ஷோஜின் சமையல் என்று ஒன்று உண்டு. மீன், மாமிசம் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டும் சேர்க்காமல் சமைப்பார்கள். என் வீட்டுக்காரிக்கு இதைச் சொன்னபிறகுதான் அவளும் கூட வரச் சம்மதித்தாள்.

நான் வழக்கமாகச் சாப்பிடுவது: உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே, அதாவது பச்சை சோயா காய், விதையை மட்டும் பிதுக்கிச் சாப்பிடவேண்டும். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டின சுஷி, அவகாடோ வைத்தது. சுஷிச் சோற்றில் வினிகர், சர்க்கரை, உப்பு மட்டும்தான், அதில் பயமில்லை. காய்கறி டெம்புராவுக்கு மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம், அதனால் முட்டை இல்லாமல் கரைத்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். நான் போகிற இடத்தில் தருகிறார்கள். சாற்றுக்குப் பதில் உப்பைத் தொட்டுக்கொள்ளலாம். சேனை, கத்தரி, பூசணி எல்லாம் உப்போடு தனி ருசி. அதே எண்ணெயில் இறாலும் பொரிப்பார்களா என்பதையும் கேளுங்கள். எனக்கு அது முக்கியம். உங்கள் நண்பருக்கு எப்படியோ, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த டோஃபு வாங்கினால் மீன் சீவல் தூவாமல் தரச்சொல்லவேண்டும். மயோனைஸ் இருந்தால் அதில் முட்டை இருக்கும்.

இதெல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிகிறது. அவருக்குத் தனியாக ஆர்டர் செய்தாலும் உங்கள் கணக்கு மாறாது.

தடா பையன்:

அக்கா, சார், இவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. சைவ நண்பனுக்கு இதைப் படித்துக் காட்டினேன், அதுவரை வரமாட்டேன் என்றவன் எந்தச் சட்டை போடுவது என்று கேட்கிறான்.

இன்னும் ஒரு கேள்வி. பச்சை மீன் பயம் என்று சொன்னேன். ஊருக்குப் போகிறவன், அங்கே போய் எல்லார் முன்னாலும் முதல் தடவை சாப்பிடுவதைவிட நம்ம பழவேற்காடு ஏரி மீனையே புதுசாக வாங்கி வீட்டிலேயே மெல்லிசாக வெட்டிச் சாப்பிட்டுப் பழகலாமே என்கிறான். செய்யலாமா?

பழவேற்காட்டுக்காரன் பதில்:

வேண்டாம் தம்பி. தயவுசெய்து செய்யாதீங்க. நாங்கள் தலைமுறையாக மீன் தொழில்காரர்கள், மீன் புதுசா இல்லையா என்பதைச் செவுளைப் பார்த்தே சொல்லிவிடுவோம். ஆனால் பச்சையாகச் சாப்பிடுவதற்குப் புதுசாக இருப்பது மட்டும் போதாது. மீனுக்குள் புழு இருந்தால் அது உயிரோடுதான் இருக்கும், எவ்வளவு புதுசோ அவ்வளவு உயிரோடு. நம் ஏரி உப்புத்தண்ணியும் ஆற்றுத்தண்ணியும் கலக்கிற இடம். இந்த மாதிரித் தண்ணியிலும் நல்ல தண்ணியிலும் இருக்கிற மீனை எந்த ஊரிலும் பச்சையாகச் சாப்பிட யோசிப்பார்கள்.

பச்சையாகப் பரிமாறுகிற மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாளாவது வைத்து உறையவைக்கவேண்டும், இல்லையென்றால் மைனஸ் 35-இல் உறையவைத்துப் பதினைந்து மணி நேரம் வைக்கவேண்டும். இது அமெரிக்க உணவுத் துறையின் கணக்கு. வீட்டு ஃப்ரிட்ஜ் அந்தக் குளிரில் ஒரே சீராக நிற்காது, நம்ம ஊர் கரண்ட்டுக்கு நிற்கவே நிற்காது. இன்னொன்று, ஜப்பான்காரர்களே சால்மனைப் பச்சையாகச் சாப்பிட ஆரம்பித்தது 1980-களுக்கு அப்புறம்தான். நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனைக் கொண்டுபோய் அந்த ஊரில் பழக்கினார்கள். அதுவரை சால்மனைச் சமைத்துத்தான் தின்றார்கள். அதனால் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழகவேண்டும் என்றால் ஓட்டலில் சால்மன் வைத்த சுஷி ஒரே ஒரு தட்டு வாங்கி, ஆளுக்கு ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அதோடு விட்டுவிடலாம்.

ஏரி மீனில் ஜப்பான் சாப்பாடு செய்தே தீரவேண்டும் என்றால் கிழங்கான் வாங்குங்கள். ஜப்பானில் இதே குடும்பத்து மீனைக் கிசு என்பார்கள். டெம்புராவுக்குப் பேர்போன மீன் அதுதான். நாம் அதை மசாலாவில் ஊறப்போட்டுப் பொரித்து அதன் ருசியையே மறைத்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். வெள்ளைச் சதை, அவ்வளவு மிருது. முதுகில் கீறி முள்ளை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீரில் மைதாவைக் கட்டி கட்டியாக இருக்கும்படியே லேசாகக் கலக்குங்கள். ரொம்பக் கலக்கினால் மாவு இழுவையாகி மேல்தோல் தடித்துவிடும். தோய்த்து நல்ல சூட்டில் போட்டால் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம். இறால் போடுவதாக இருந்தால் வயிற்றுப் பக்கம் மூணு நாலு இடத்தில் குறுக்கே லேசாகக் கீறிவிட்டு நீட்டி அழுத்துங்கள். அப்போதுதான் சுருளாமல் நேராகப் பொரியும், ஓட்டலில் வருகிற மாதிரி.

உங்கள் நண்பர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்தப் பக்கம் வாங்க. கரைக்கு வருகிற கிழங்கானில் நல்லதாகப் பொறுக்கித் தருகிறேன்.

ஆரம்பாக்கம் அக்கா:

பழவேற்காட்டு அண்ணன் சொன்னதை நூத்துக்கு நூறு வழிமொழிகிறேன். எனக்கும் சேர்த்து ஒரு கிலோ எடுத்துவையுங்கள் அண்ணா, பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி, ஊருக்குப் போகிறவருக்காக இன்னும் கொஞ்சம். அங்கே போய் மேசையில் தனியாகத் தெரியாமல் இருக்க, அன்றைக்கு உங்களோடு சாப்பிடும்போதே இதைப் பழகட்டும். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கிற சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். ஒருத்தர் குச்சியிலிருந்து இன்னொருத்தர் குச்சிக்குச் சாப்பாட்டை மாற்றக்கூடாது. தகனம் முடிந்து எலும்பு பொறுக்குவது அப்படி. நாம் பாசத்தில் ஊட்டிவிடுகிற ஆட்கள், சட்டென்று கை போய்விடும். கொடுக்கவேண்டும் என்றால் அவர் தட்டில் வைத்துவிடலாம். வெள்ளைச் சோற்றில் சோயாவை ஊற்றிப் பிசையக்கூடாது. சுஷியைக் கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம், அது மரியாதைக் குறைவே இல்லை. ஆனால் மீன் பக்கத்தைத்தான் சோயாவில் தொடவேண்டும். சோற்றுப் பக்கம் தொட்டால் உதிர்ந்துவிடும். சூடான துண்டு கொடுத்தால் கையைத் துடைத்துக்கொள்ளலாம், முகத்தை வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் டம்ளர் காலியானால் அதை நாம் நிரப்பவேண்டும், நம்முடையதை அவர் நிரப்புவார். எனக்கு அந்த ஊரில் ரொம்பப் பிடித்த பழக்கம் இது. டீயாக இருந்தாலும் செய்வார்கள். ஹிரோஷிமாவில் எங்கள் பிரிவுத் தலைவர், அறுபதை நெருங்கினவர், புதுசாக வந்த பையனுக்கு இரண்டு கையாலும் ஜாடியைப் பிடித்து ஊற்றினதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். ராத்திரிக் கடைகளில் நாம் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் முதலில் வரும், அதற்கு ஆளுக்கு 300, 400 யென் பில்லில் சேரும். ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடவேண்டாம், இருக்கைக்கான காசு மாதிரி அது. நண்பர்கள் சேர்ந்து போனால் மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் கணக்கும் அதுதானே.

தடா பையன்:

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு இடத்தில் மேசை சொல்லிவிட்டேன். சனிக்கிழமையும் லஞ்ச் செட் உண்டாம், 680 ரூபாய். முட்டை இல்லாமல் டெம்புரா, தனி எண்ணெய், இரண்டுக்கும் சரி என்றார்கள். மீன் சாறு இல்லாத சூப் மட்டும் முடியாதாம், அதற்குப் பதில் எடமாமே தருகிறார்களாம். இறைச்சி ஹலால் இல்லையாம். அதனால் அவனுக்கு உப்பு வாட்டின சால்மன் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். விமர்சனத்தில் ஜப்பான் எழுத்தும் இருக்கிறது அக்கா, பார்த்துவிட்டேன்.

தடாவில் காலை மெமு பிடித்து சென்ட்ரல் வந்து, எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறி நுங்கம்பாக்கம் போகலாம் என்று திட்டம். பழவேற்காட்டு அண்ணா, அடுத்த ஞாயிறு நாங்கள் அஞ்சு பேரும் வருகிறோம். கிழங்கான் எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்?

பழவேற்காட்டுக்காரன்:

ஆறு மணிக்குள் வந்துடுங்க. ஏழுக்கு மேல் நல்லது எல்லாம் சென்னை வண்டியில் ஏறிவிடும். ஐஸ் பெட்டி ஒன்று கையோடு எடுத்துவாங்க.